காயட்டும் அண்ணனும் கதவு ஓரத்துப் பொட்டும்

ஆங் மோ கியோவுல இருக்கிற அத்தனை பேரும் ஓடுற ஓட்டத்துக்கு, ஒத்தை ஆளா உக்காந்து ஈடுகட்டினவர் எங்க காயட்டும் அண்ணன். நான் நாப்பது வருசம் லாரி ஓட்டினவன். சிங்கப்பூர்ல நான் போகாத ரோடு இல்ல. இவரை மாதிரி மெதுவான மனுசனை எங்கயும் பார்த்ததில்ல. இவர் முன்னால நடந்தா பின்னால வர்ற ஆமை ஹார்ன் அடிக்கும்.

பெத்தவங்க வச்ச பேரு என்னன்னு எங்க அடுக்குமாடி புளோக்குல ஒருத்தருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் "பொறுங்க, காயட்டும்"பார், அதுவே பேராப் போச்சு. கோப்பிக் கடையில கோப்பி ஓ, அதான் பால் ஊத்தாத கோப்பி, வாங்கி வச்சுட்டுக் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருப்பார். "ஆறிடுச்சுண்ணே, குடிங்க"ன்னா, "காயட்டும்லா"ம்பார். கோப்பி எப்படிக் காயும்? கேக்கணும்னு நினைப்பேன். கேட்டா அதுக்குப் பதில் வர அரை நாளாகும்னு விட்டுடுவேன்.

அவர் உக்கார்ற எடம் எங்க புளோக்குக்குப் பக்கத்துல கார் பார்க், மூணாவது மாடி, தூணு ஓரம். கவுத்துப் போட்ட பெயிண்ட் வாளிதான் நாற்காலி. கல்லு தெறிச்சோ, இடிச்சோ காருல பெயிண்ட் பேந்து போகும்ல, அந்தச் சின்னச் சின்ன எடத்துக்குப் பெயிண்ட் வச்சுக் குடுப்பார். ஒரு பிஸ்கட் டின்னு வச்சிருந்தார். அதுக்குள்ள நெயில் பாலிஷ் அளவுக்குக் குட்டிக் குட்டி பாட்டிலு, பல்லு குத்துற குச்சி, பழைய பனியன் துணி, ஒரு பூதக்கண்ணாடி. அவருக்குன்னு கார் கிடையாது. லைசென்ஸே கிடையாது. பஸ்ஸுல போறவர்.

"ஏண்ணே உங்களுக்கு இந்த வேலை?"ன்னு கேட்டேன்.

"முப்பது வருசம் கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சேன் டிரைவரே. ஒரு பக்கம் முடிச்சுத் திரும்பிப் பார்த்தா இன்னும் ஒரு பக்கம் நிக்கும். முடிஞ்சுதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. இது கடுகு அளவு. முடிஞ்சா முடிஞ்சுதுன்னு தெரியும்."

அந்தக் கடுகு அளவுக்கு அவருக்கு ஏழு நாளாகும்!

ஒருத்தர் வெள்ளை கார் கொண்டாந்தார். "வெள்ளைதான் அங்கிள், ஏதாவது ஒரு வெள்ளை வைங்க"ன்னார். அண்ணன் எழுந்து நின்னுட்டார். அவர் எழுந்திருச்சாலே கோவம்னு அர்த்தம். "ஏதாவது ஒரு வெள்ளையா? இட்லி வெள்ளையா, தேங்காப்பால் வெள்ளையா, வேட்டி வெள்ளையா? கதவைத் திறங்க, உள்ள ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும், அந்த நம்பர் பெயிண்ட் வாங்கிட்டு வாங்க." அந்த மனுசன் பெயிண்டோட திரும்பி வந்தப்போ ஒரு துளி தொட்டு வச்சுட்டு, "காயட்டும், வியாழக்கிழமை வாங்க"ன்னுட்டார். அன்னைக்கு வெள்ளிக்கிழமை.

இப்ப என் கதைக்கு வர்றேன். என் மகன் சேகர் கருநீல கார் ஒண்ணு வச்சிருக்கான். அவன் வேலைக்குப் போறது ரயில்ல. கார் சாவி பாதி நாள் என்கிட்டதான். ஜகார்த்தாவுக்கு ஒன்பது நாள் வேலைன்னு கிளம்பும்போது சொன்னான்: "அப்பா, உங்களுக்கு எழுபத்திரெண்டாச்சு. டெக்கா மார்க்கெட் கார் பார்க் ரொம்ப டைட். அங்க மட்டும் போகாதீங்க. ஒரு கீறல் பார்த்தேன், சாவியைக் குடுத்துடணும். ஓகேவா?" ஓகேன்னு தலையாட்டினேன்.

மறுநாளே டெக்கா போனேன். வீட்டுக்காரிக்கு ஆட்டுக்கால் வேணும், அது அங்க ஒரு கடையிலதான் அவளுக்குப் பிடிக்கும். வண்டியை நூல் பிடிச்ச மாதிரி நிறுத்தினேன். கதவைத்தான் தூணு மேல திறந்துட்டேன். துவரம்பருப்பு அளவு பெயிண்ட் பேந்து தகரம் தெரிஞ்சுது. கூட வந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "இத்தோட பஸ் கார்டுதான் உங்களுக்கு"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, எனக்குச் சிரிப்பு வரல. லாரியில உக்காந்தே வாழ்ந்தவன் நான். சாவி போனா எனக்குக் காலு போன மாதிரி.

நேரா மூணாவது மாடி. அண்ணன் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தார். "ஏழு நாள்."

"எட்டு நாள்ல மகன் வந்துடுவான்ணே."

"அப்ப ஒரு நாள் மிச்சம்."

புதன் கழுவித் தேய்ச்சு அடிப் பெயிண்ட் வச்சார். வியாழன், வெள்ளி, சனி காலையில, குச்சி நுனியில தொட்டு ஒவ்வொரு துளியா நீலம். "மொத்தமா அப்புனா மேல காஞ்சு உள்ள கொழகொழன்னு நிக்கும். தொடாதீங்க. அடுத்த கோட்டு நாளைக்கு"ன்னு சொல்லிட்டு சர்ச்சுல பாட்டுப் பயிற்சிக்குப் போயிட்டார்.

சனி மத்தியானம் போன். "அப்பா, வேலை முடிஞ்சுது, இன்னைக்கு சாயங்காலமே வர்றேன்!"

அண்ணனுக்குப் போன் கிடையாது. ஓடிப் போய்ப் பார்த்தா அந்த எடம் கொசு கடிச்ச மாதிரி புடைச்சுக்கிட்டு மங்கலா நிக்குது. குருடனுக்கும் தெரியும். அப்பதான் ஒரு யோசனை வந்துச்சு. பூசை போட்ட வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம்ல? அதை எவன் துடைப்பான்? வீட்டுல இருந்து கிண்ணத்துல கொழைச்சு எடுத்துட்டு வந்து அந்தப் புடைப்பு மேல ஒரு பொட்டு வச்சேன். ஒண்ணு மட்டும் இருந்தா சந்தேகம் வரும்னு நாலு கதவு ஓரத்துலயும் வச்சேன். பானட்டுல ஒண்ணு, பின்னால ஒண்ணு. கார் கல்யாணப் பொண்ணு மாதிரி நின்னுச்சு.

சேகர் காரைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ள வந்தான். "கோயிலுக்குப் போனீங்களாப்பா? என்னது, கதவு ஓரத்துல எல்லாம் வச்சிருக்காங்க?"

"புதுசா வந்த ஐயர்ப்பா. அவர் வழக்கம் அப்படி."

நம்பிட்டான். அவங்கம்மா அடுப்பங்கரைக்குள்ள போய் முந்தானையை வாயில வச்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில அவன் தண்ணியும் துணியுமாக் கிளம்பினான். "சந்தனம் காஞ்சா பெயிண்ட்டுக்குக் கெடுதல்ப்பா, துடைச்சுடறேன்." நானும் கூடவே போனேன். பானட்டுப் பொட்டு போச்சு. மூணு கதவுப் பொட்டு போச்சு. நாலாவது போகல. தேய்க்கிறான், தேய்க்கிறான், செவப்பா அப்படியே நிக்குது. காயாத பெயிண்ட் குங்குமத்தைக் குடிச்சுடுச்சு. கருநீலக் கதவுல நெத்திப் பொட்டு!

அந்த நேரம் பார்த்து சர்ச்சு முடிஞ்சு, இஸ்திரி போட்ட சட்டையோட, பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கிட்டு அண்ணன் வர்றார். பொட்டைப் பார்த்தார். அப்படியே நின்னார். அவர் முகம் போன போக்கு இருக்கே, என் மகன்கிட்ட மாட்டினதை விட அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு.

"யாரு வச்சது?"ன்னார்.

"நான்தாண்ணே"ன்னேன். பிறகு மகன் பக்கம் திரும்பினேன். "டெக்கா போனேன்ப்பா. தூணுல இடிச்சுட்டேன். ஐயரும் இல்ல, கோயிலும் இல்ல." பாக்கெட்டுல இருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

சேகர் சாவியை வாங்கல. அண்ணனையே பார்த்துக்கிட்டு நின்னான். "அங்கிள்... அப்பாவும் உங்ககிட்டதான் வந்தாரா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "என்னது, அப்பாவும்?"

அண்ணன் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து, குச்சியைத் தேட ஆரம்பிச்சுட்டார். சேகர்தான் அசடு வழியச் சொன்னான். போன மாசம் ஒரு நாள் வண்டியில ஆபீஸ் போனப்போ, அங்க கார் பார்க்குல பின் பம்பரைச் சுவத்துல உரசிட்டானாம். பொண்டாட்டி திட்டுவான்னு இங்க மேல் மாடியில ஒளிச்சு நிறுத்தி, அண்ணன்கிட்ட ஏழு நாள் காய வச்சிருக்கான். அந்த ஒரு வாரம் "வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குப்பா"ன்னு எனக்குக் கதை விட்டவன் இவன்!

"ஏண்ணே, நாலு நாளா என்கூட உக்காந்திருந்தீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"ன்னு கேட்டேன்.

"அவர் கீறல் அவருக்கு, உங்க கீறல் உங்களுக்கு"ன்னார். "பேசாம அந்தத் துணியை எடுங்க. மறுபடி முதல்ல இருந்து."

சாவி என் கையிலயே இருந்துச்சு. அடுத்த ஏழு நாள் அப்பனும் மகனும் மாத்தி மாத்தி அவருக்குக் கோப்பி வாங்கிக் குடுத்துக் காவல் இருந்தோம். எங்க புளோக்குல எத்தனை புருசன் பொண்டாட்டி, எத்தனை அப்பன் பிள்ளை ரகசியம் அந்த பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்துச்சோ. எட்டாம் நாள் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், அந்த எடமே கிடைக்கல.

இப்ப அண்ணன் மகள் வீட்டோட பொங்கோலுக்குப் போயிட்டார். அங்க எல்லாம் புது வண்டி, அவருக்கு வேலையே இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு கோப்பி ஓ கட்டிக்கிட்டு நானே ஓட்டிட்டுப் போவேன். வந்ததும் என்னைப் பார்க்க மாட்டார். காரை ஒரு சுத்து சுத்தி வந்து, "ஒண்ணும் இல்லையே"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவார். போன வாரம் அவர் புளோக்குக் கீழ வண்டியை நிறுத்தினப்போ தூணு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு. கதவைக் கொஞ்சம் வேகமாத் திறந்துடலாமான்னு ரெண்டு நிமிசம் யோசிச்சுக்கிட்டே உள்ள உக்காந்திருந்தேன்.