நீந்தத் தெரிஞ்சாப் போதும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே உங்கள் மகளும் நானும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் சற்றே தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். "மாப்பிள்ளை தினமும் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாராம், ஈரத்தலையோடு வருகிறாராம், எங்கே குளிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பெண்ணைக் கொடுத்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

குழந்தைக்காக நாங்கள் சிகிச்சைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். போன முறை கைகூடவில்லை. இந்த முறைதான் கடைசி, இதற்குமேல் உடம்பும் மனசும் தாங்காது என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். ஆய்வகத்து அம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். விந்தணு என்ற சொல்லை மாமனாருக்கு எழுதப் பேனா கூசுகிறது, ஆகையால் இனி 'அவர்கள்' என்றே குறிப்பிடுகிறேன், மரியாதையாகவும் இருக்கும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவில்லையாம், சுறுசுறுப்புதான் போதாதாம். நான் தலையைத் தொங்கப்போட்டதைப் பார்த்து அவர் இரக்கப்பட்டு, "கவலைப்படாதீங்க சார். நல்லா நீந்தத் தெரிஞ்சாப் போதும். மேல வந்துட்டா மீதியை நாங்க பாத்துக்குவோம்" என்றார். யார் நீந்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக ஊரையே மேலே அனுப்பியவன் (தப்பாக நினைக்க வேண்டாம், பத்திரமாகக் கீழேயும் இறக்கியிருக்கிறேன்). ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்கியதில்லை. மறுநாளே நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

என் வகுப்புத் தோழர்கள் எல்லாம் பால் பல் விழுந்துகொண்டிருப்பவர்கள். மாஸ்டர் எனக்கு 'நங்கூரம்' என்று பேர் வைத்தார். முன்பல் இல்லாத ஒரு சிறுமிதான் பக்கத்தில் வந்து, "அங்கிள், பயப்படாம வானத்தைப் பாருங்க, தண்ணியே தூக்கிக்கும்" என்றாள். பார்த்தேன். தூக்கிக்கொண்டது மாமா. காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கி, மேலே ஒரு மேகம் நின்றுகொண்டிருக்க, நான் போகிறேனா வானம் போகிறதா என்றே தெரியாமல் கண் சொருகும். அப்போது அவர்கள் வருவார்கள். கோடிக்கணக்கில். அத்தனை பேருக்கும் என் முகம், என் சீருடை, கையில் ஸ்பானர். வெளிச்சத்தைப் பார்த்து மெதுவாக மேலே வந்து, வாசலுக்குக் கிட்டத்தில் நின்று, "நீங்க முன்னாடி போங்க", "பரவாயில்ல, நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் உபசாரம் செய்தே பொழுதைக் கழிப்பார்கள். என் புத்தி அப்படியே வந்திருக்கிறது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

இப்படி மூன்று வாரம் போனது. அவர்களில் நல்லவர்களைப் பொறுக்கி எடுக்கும் நாளன்று ஆய்வகத்து அம்மாவிடம், "மேடம், பாதிக் குளம் தாண்டிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். விஷயம் புரிந்ததும் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். சுழலவிட்டுப் பிரித்தெடுப்பது ஒரு வழியாம். முடியைவிட மெல்லிய வாய்க்காலில் விட்டு, தாண்டுகிறவர்களைப் பிடிப்பது இன்னொரு வழியாம். எங்களுக்கு நீச்சல் வழி. சின்னக் குழாயின் அடியில் அவர்கள், அவர்களுக்கு மேலே தெளிந்த திரவம். சாய்த்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், திராணி உள்ளவர்கள் நீந்தி மேலே வருவார்கள். அவர்களையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பொறுக்கி, ஒரு முட்டைக்கு ஒருவர்.

"அப்ப நான் நீந்த வேண்டாமா மேடம்?"

"வேண்டாம் சார். ஆனா உடம்புக்கு நல்லது, விட்டுடாதீங்க."

அந்த ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "துண்டு ஈரமா இருந்தப்பவே தெரியும். கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திடுவீங்கன்னுதான் சும்மா இருந்தேன்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. எனக்குப் பயமாக இருந்தது மாமா. என்னால்தானே இவளுக்கு ஒரு குழந்தை இல்லாமல் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கதவு திறந்தது. "கொஞ்சம் பேருதான் வந்தாங்க சார். ஆனா வந்துட்டாங்க" என்றார் அந்த அம்மா.

கருவை உள்ளே வைத்தாயிற்று. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. அதுவரை நீங்கள் ஃபோனில் அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், வெளியே யாரிடமும் மூச்சுவிட வேண்டாம், தயவுசெய்து புறப்பட்டும் வர வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
வேறெங்கும் குளிக்காத உங்கள் மருமகன்

பி.கு.: தபாலில் போடத் தைரியம் வராமல் இது எட்டு நாள் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. இப்போதுதான் ஆய்வகத்திலிருந்து ஃபோன். கரு தங்கிவிட்டதாம் மாமா, நல்லபடியாகத் தங்கிவிட்டதாம்! கடைசியாக நான் எழுதிய 'வேண்டாம்' எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கேளுங்கள், எல்லோரிடமும் சொல்லுங்கள். உங்கள் மகள் அழுதுகொண்டே "அப்பா, அப்பா" என்கிறாள். உங்களைக் கூப்பிடுகிறாளா, என்னைச் சொல்கிறாளா என்று விளங்கவில்லை. எதற்கும் நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள்.