வசந்தன் அனுப்பாத பத்திரிகை

வசந்தனுக்குக் கல்யாணம் என்ற செய்தி, வசந்தனுக்குக் காலை ஒன்பதரை மணிக்குத்தான் தெரிந்தது. அதற்குள் சிம்பாங் ரெங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

"கங்ராட்ஸ்ண்ணே! ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா!" கையுறைத் தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் கனகராஜ், பெட்டிகளுக்கு மேலாக எட்டிக் கை கொடுத்தான்.

"எதுக்குடா?"

கனகராஜ் போனைக் காட்டினான். வசந்தனின் எண்ணிலிருந்து ஒரு கோப்பு. கீழே, 'என் கல்யாணத்துக்கு அவசியம் வாங்க. பொண்ணு யாருன்னு திறந்து பாருங்க.'

வசந்தனுக்கு நேற்று கேண்டீனில் செய்த வேலை நினைவுக்கு வந்தது.

நேற்று இதே மாதிரி ஒரு பத்திரிகை, தெரியாத எண்ணிலிருந்து அவனுக்கும் ரூபினிக்கும் வந்தது. ரூபினி தரம் பார்க்கும் பிரிவு. அந்தத் தொழிற்சாலையில் அவனை 'அண்ணே' என்று கூப்பிடாத ஒரே பெண். அவளுடைய ஐபோன் கோப்பைத் திறக்க மறுத்தது.

"இது போனா, ஹாஸ்டல் வார்டனா? ஒரு பத்திரிகையத் தொறக்கறதுக்குக்கூட பெர்மிஷன் இல்லயா?" என்றான் வசந்தன். "என் ஆண்ட்ராய்டப் பாரு. என் போன், என் இஷ்டம்."

"கண்டத உள்ள விடாதுங்க என் போனு. உங்களது யாரு கதவத் தட்டினாலும் தொறக்கும்."

அவன் போன் நான்கு முறை அனுமதி கேட்டது. நான்கு முறையும் ரூபினியைப் பார்த்துக்கொண்டே 'சரி' என்று தட்டினான். பத்திரிகை எதுவும் வரவில்லை. போன் மட்டும் கொஞ்சம் சூடானது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்பது என்று முடிவு செய்திருந்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு வருடமாகச் சொல்லவில்லை. அவளுடைய அப்பா காளிதாஸ், தொழிற்சாலை வாசலில் ஜாகா, அதாவது காவலாளி. மகளுக்குப் பார்த்த கோத்தா திங்கி மாப்பிள்ளை ஒருவனின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவல் காக்கிறார் என்று பேச்சு. வசந்தனுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டால் அந்தப் படம் வெளியே வந்துவிடும்.

உடனே கம்பெனி வாட்சப் குழுவில் எழுதினான். 'எனக்குக் கல்யாணம் இல்லை. என்னை ஏமாத்திட்டாங்க.'

பத்து நிமிடத்தில் இருபத்தேழு பேர் ஆறுதல் சொன்னார்கள். கேண்டீன் புஷ்பவள்ளி, கேட்காமலே அவன் நாசி லெமாக் சோற்றில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

"சாப்பிடு தம்பி. உன்ன ஏமாத்துனவ நல்லா இருக்க மாட்டா."

"அக்கா, பொண்ணே இல்லக்கா!"

"அப்படித்தான் மனசத் தேத்திக்கணும்."

கனகராஜ் வழி சொன்னான். "போன க்ளீன் பண்ண ஒரு ஆப் இருக்குண்ணே. ஆப் ஸ்டோர்ல கெடைக்காது, வேற எடத்துல இருக்கு. உங்க போன்தான் எல்லாத்தையும் ஏத்துக்குமே."

ஏற்றுக்கொண்டது. பத்திரிகை மறுபடியும் எல்லோருக்கும் போனது. இந்த முறை, கோத்தா திங்கி அருவியில் கறுப்புக் கண்ணாடி போட்டு வசந்தன் எடுத்துக்கொண்ட படத்துடன்.

பெண் யார் என்று பார்க்க ஆசைப்பட்டுத் திறந்தவர்களின் போன்களும் ஊரை அழைக்க ஆரம்பித்தன. மத்தியானத்துக்குள் கம்பெனியில் பதினெட்டுக் கல்யாணம். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான சூப்பர்வைசர் ஹம்டானுக்கும் கல்யாணம். அவர் மனைவி அழைத்தபோது அவர் கழிவறைக்குள் போய்ப் பேசினார்.

பெக்கோக்கிலிருந்து அக்கா தனலெட்சுமி அழைத்தாள்.

"ஏன்டா, கூடப் பொறந்தவளுக்கு வாட்சப்புலயா பத்திரிக? தட்டு வெச்சு அழைக்க மாட்டியா?"

"அக்கா, அது..."

"பேசாத. ஞாயித்துக்கெழம வேன் பேசியாச்சு. பதினாலு பேர் வர்றோம். பொண்ணு யாருடா?"

வசந்தன் போனை அணைத்து, சிம்மை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

காளிதாஸ், மகள் கொடுத்த பழைய ஐபோனை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொறக்க மாட்டேங்குது லா. பொண்ணு யாரு தம்பி?"

"பொய் அங்கிள்! இன்னிக்கு யாரு மெசேஜையும் நம்பாதீங்க. ரூபினி போன்லேர்ந்து வரும். அத மட்டும் நம்புங்க."

"அது சரி. எம்மவ போனு பொய் சொல்லாது."

ரூபினி கையுறைகளுக்குக் காற்றடித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தன் விஷயத்தை, அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேன் வரை, சொன்னான். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"ஊருக்கே தொறந்து வெச்சீங்களே, இப்ப வார்டன் கிட்ட வந்து நிக்கிறீங்க."

"தப்புதான் லா. குரூப்புக்கும் எங்க அக்காவுக்கும் ஒரு மெசேஜ் போடு. 'வசந்தனுக்குக் கல்யாணம்னு வந்தது பொய்'."

"யாரையும் கட்டிக்கிற எண்ணமே இல்லன்னு சேத்துப் போடவா?"

"அவ்ளோ வேணாம்."

"அப்ப எண்ணம் இருக்கு."

வசந்தன் கையுறையைப் பார்த்தான்.

"யாரு மேல?"

கையுறையையே பார்த்தான்.

"போன் எல்லாத்தையும் தொறக்குது. ஆளு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு" என்றபடி அவள் தட்டினாள். பக்கத்தில் நிற்பவருக்குத் திரை கறுப்பாகத் தெரியும்படி அதில் ஏதோ ஒட்டியிருந்தாள். "அனுப்பிட்டேன். போய் வேலையப் பாருங்க."

வேலை முடிந்து வெளியே வந்தபோது யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போனார்கள். அப்பாடா என்றிருந்தது.

வாசலில் காளிதாஸ் தடுப்புக் கம்பைத் தூக்கவில்லை.

"மெசேஜ் பாத்தேன்."

"அதான் அங்கிள் உண்மை."

"நெசமாவா?"

"சத்தியமா. நான் சொல்லச் சொல்லத்தான் ரூபினி எழுதுனா. ஒரு எழுத்து மாறல."

காளிதாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு கம்பைத் தூக்கினார்.

"'வசந்தனுக்கு ஞாயித்துக்கெழம நிச்சயம், பதினாலு பேர் வேன்ல வர்றாங்க, பொண்ணு நான்தான்'னு போட்டிருக்கா. வேன் எத்தன மணிக்கு வருது, மாப்ள?"