முள்மரத்தைச் சுற்றிப் போன குழாய்

“அந்த மரத்துகிட்ட என் பொக்லைன் வராது. என்னைக் கூப்பிடாத,” என்று மாலக்கி இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

ஃபின்டன் விரல் விட்டு நாளை எண்ணினான். வெள்ளிக்கிழமை டிரம்கோரன் கோட்டை இந்த வருஷத்துப் பயணிகளுக்குத் திறந்தாக வேண்டும். புதுக் கழிப்பறைக்குக் குழாய் பதிக்காவிட்டால் திறக்க அனுமதி கிடையாது. கோட்டை திறக்காவிட்டால், இருபது வருஷமாக அதைச் சுற்றிக் காட்டியே பிழைக்கும் ஃபின்டனுக்கு வேலையும் கிடையாது.

காலையில்தான் கோட்டை நிர்வாகி டிம்ப்னா அவனைப் பிடித்து உலுக்கியிருந்தாள்.

“ஐந்நூறு வருஷத்துப் பழைய கழிப்பறையைக் காட்டி டிக்கெட் போடுறோம், வந்தவங்க ஒதுங்க ஒரு இடம் இல்ல! வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கல, வாசலுக்கு மேல ஓட்டை இருக்கே, அது வழியா கொதிக்கிற தண்ணிய உன் தலையில ஊத்திருவேன். எதிரிக்கு அப்படித்தான் ஊத்தினாங்கன்னு நீதானே தினமும் சொல்ற?”

குழாய் போகும் வழியில்தான் அந்த ஒற்றை முள்மரம் நின்றது. அதில் குட்டித் தேவதைகள் குடியிருப்பதாகவும், கோட்டையை முற்றுகையிட்ட தளபதி ஒரு கிளையை ஒடித்து, மறுநாளே வாய் கோணிப் போனதாகவும் ஊரே சொல்லும். ஊருக்குச் சொன்னவன் ஃபின்டன். பயணிகள் மரத்தடியில் உட்கார்ந்து சாண்ட்விச் காகிதத்தைப் போடாமலிருக்க, எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அவிழ்த்துவிட்ட கதை அது.

வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினான்.

“மாலக்கி, அது நான் விட்ட ரீல்டா. தளபதியும் இல்ல, கோணவாயும் இல்ல.”

மாலக்கி குரலைத் தாழ்த்தினான். “நீ விட்டதாவே இருக்கட்டும். அதை உன் வாயில வச்சது யாரு? அவங்கதான்.”

அடுத்து, மாலக்கியின் பயத்தைப் போக்க ஃபின்டன் ஃபாதர் கோல்மனை அழைத்து வந்தான். அவரும் தீர்த்தம் தெளித்தார், பத்தடி தள்ளி நின்று. முக்கால்வாசி காற்றில் திரும்பி ஃபின்டன் முகத்தில்தான் விழுந்தது.

“கிட்ட போய்த் தெளிங்க ஃபாதர்!”

“எனக்கு இதுலெல்லாம் துளிகூட நம்பிக்கை இல்லப்பா. ஆனா எதுக்கு வம்பு?”

சாமியாரே பயந்துவிட்டார் என்று மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. குழாய் பதிக்க வந்திருந்த இரண்டு ஆட்களுக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“போங்கடா, நீங்களும் உங்க தேவதையும்!” என்று ஃபின்டனே ரம்பத்தை எடுத்தான். முதல் இழுப்பிலேயே அது மரத்தில் மாட்டிக்கொண்டது. பிடுங்கிய வேகத்தில் கால் சறுக்கி, நேராக அகழிக்குள் போய் உட்கார்ந்தான். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

கைகொடுத்துத் தூக்கிய மாலக்கி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். “வாய் கோணல. அந்த மட்டும் அவங்க நல்லவங்க.”

ஃபின்டன் யாரும் இல்லாத நேரம் பார்த்து மரத்தடியில் ஒரு கிண்ணம் பாலை வைத்தான். “தெரியாம செஞ்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க,” என்று தான் கற்பனை செய்தவர்களிடமே கெஞ்சினான். சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை.

கடைசியில் மரத்தைச் சுற்றி வளைத்துக் குழாயைக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

“இப்பவாவது பொக்லைனைக் கொண்டு வாயேன்டா!”

“ஐயையோ, அந்தச் சத்தம் அவங்களுக்கு ஆகவே ஆகாது. கையால வெட்டு.”

மூன்று நாள் ஃபின்டன் நொண்டிக்கொண்டே மண்வெட்டியால் வெட்டினான். மூன்று நாளும் மழை. மாலக்கி தவறாமல் வந்து, மதில்மேல் உட்கார்ந்து, குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, டீயை உறிஞ்சியபடி ஆலோசனை சொன்னான்.

“ரெண்டடி தள்ளிடா. வேர்ல படப்போகுது. மெதுவா, அவங்க தூங்குவாங்க!”

வெள்ளிக்கிழமை கோட்டை திறந்தது. முதல் பேருந்தில் வந்தவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு மரத்தைத்தான் படம் பிடித்தார்கள். டிம்ப்னா எல்லோர் முன்னாலும் ஃபின்டனைக் கட்டிக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் இருந்தாலும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலக்கியின் மனைவி ஃபிலோமினா, சூடான ஆப்பிள் கேக்கோடு வந்து அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“நீ நல்லா இருக்கணும்ப்பா. போன ஞாயித்துக்கிழமை இந்த மனுஷன் பொக்லைனைக் கொண்டுபோய்ச் சேத்துல முழுக விட்டுட்டு, ஊருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தாரு. உன் தேவதைக் கதைதான் அவர் மானத்தைக் காப்பாத்துச்சு!”