ரிப்போர்ட் அண்ணனும் ரூபியின் கரப்பானும்

இதை எழுத நான்கு வருஷமாகத் தயங்கினேன். உட்காரும்போதெல்லாம் யார் மனம் நோகுமோ, கர்த்தர் என்ன நினைப்பாரோ என்று பயம் வந்து பேனாவை மூடிவிடுவேன். பத்தாவதுவரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச் சுரங்கம் இருந்த ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லைன் வீடுகளில் பாம்புக்குப் பயப்படாதவர்கள் உண்டு. சுரங்கத்துக்குள் பாறை வெடித்ததைப் பார்த்துவிட்டு மறுநாளே லிப்ட் போன்ற கேஜில் ஏறிக் கீழே இறங்கியவர்கள் உண்டு. ரிப்போர்ட் அண்ணனுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூட இல்லை.

சுரங்கத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஷிப்ட் முடிந்ததும் கீழே நடந்ததை ரிப்போர்ட் எழுதுவது அவர் வேலை. சுரங்கத்தை மூடினார்கள். அவர் எழுதுவதை மூடவில்லை. இப்போது தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறார். லீவு நாளில் எங்கள் லைனுக்கு ரிப்போர்ட் எழுதுவார். இடம், நேரம், நடந்தது, காரணம் என்று நான்கு கட்டம். கார்பன் வைத்து மூன்று காப்பி. குழாயில் தண்ணீர் நின்றது, நாய் குட்டி போட்டது, எதிர்வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பையோடு கிளம்பிப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பியது, எல்லாம் ஏறும். ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கும் எழுதி, பாஸ்டர் கையிலேயே ஒரு காப்பி கொடுத்தார். ‘நேரம்: ஒரு மணி பத்து நிமிஷம். காரணம்: தெரியவில்லை.’ அன்றிலிருந்து பாஸ்டரும் பயந்தார்.

என் பயம் வேறு. என் மகள் ரூபிக்கு அப்போது ஆறு வயது. கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால், எல்லா இடமும் சிவந்து நீர் வடியும். ரத்தம் வரும்வரை சொறிவாள். கரப்பான், எக்ஸிமா என்றார் டாக்டர். களிம்பு கொடுத்தார். அது தோலை மெல்லிசாக்கிவிடும் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்க் கடுகளவுதான் தடவினேன். மற்றவர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

காரணம் சொல்ல மட்டும் எல்லோரும் வந்தார்கள். முட்டை என்றார்கள். கத்தரிக்காய், கருவாடு, சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் தூசி என்றார்கள். திருஷ்டி என்றார்கள். ஒரு அம்மாள், நான் செய்த பாவம் என்றார். முட்டையை நிறுத்தினேன், மீனை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன். கடைசியில் பிள்ளைக்கு ரசஞ்சோறும் இட்லியும்தான் மிச்சம். குளிப்பாட்டும்போது விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அரிப்பு மட்டும் குறையவில்லை. இனி எதை நிறுத்துவது, சோற்றையா என்று முழங்காலில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் கூட்டிப்போவேன். எஸ்தர் அக்கா ஜெபித்து எண்ணெய் பூசுவார். அந்த எண்ணெயின் மல்லிகை வாசனை கூடமெல்லாம் நிறையும். புண் அதிகமானால், கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துப் பூசுங்கள் என்று நானே கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ரிப்போர்ட் அண்ணன் நோட்டோடு வாசலில் நின்றார்.

“தங்கச்சி, பாப்பாக்கு இன்னா நாள்ல வருது?”

“தினமும்தான் அண்ணே.”

“தினமும்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா.”

சுரங்கத்தைப் பிரித்ததுபோல் பிள்ளையையும் பிரித்தார். கழுத்து முதல் லெவல், முழங்கை இரண்டாம் லெவல், முழங்கால் மூன்றாம் லெவல். ரூபிக்கு ஒரே குஷி. இரண்டாம் லெவலில் அரிக்கிறது மாமா என்று பக்கத்து வீட்டில் இருக்கும் அவருக்குச் சுவரைத் தாண்டிக் கேட்கக் கத்துவாள். அவர் வாட்சைப் பார்த்து, முகம் மாறாமல் எழுதிக்கொள்வார். தினமும் ரயிலுக்குக் கிளம்புமுன் வந்து, போட்ட சட்டை, சோப்பு, காற்று, சாப்பாடு, எல்லாம் கேட்பார். ஒருநாள், காரணத்தில் முட்டை என்று எழுதுங்கள், நேற்றுச் சாப்பிட்ட பன்னில் இருந்திருக்கும் என்றேன்.

“நீ பார்த்தியா?”

“இல்ல.”

“அப்ப காலியா வுடு. கீழ பாறை வெடிச்சா, மேல உக்காந்துனு காரணம் எழுதக் கூடாதும்மா.”

ஆறு வாரம் கழித்து மூன்று காப்பியோடு வந்தார். டீயைத் தொடவில்லை. நான் வாசித்தேன். தூசிக் காற்று அடித்த நாளில் சில தடவை இருந்தது. கம்பளி ஸ்வெட்டர் போட்ட நாளில் கழுத்தில் இருந்தது. சனிக்கிழமை காலையில் மட்டும் ஆறு வாரமும், முதல் லெவலும் இரண்டாம் லெவலும் நெருப்பாக இருந்தன. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“எண்ணெய்னு எழுதப் போறீங்களா அண்ணே? சபையில எங்களச் சேத்துப்பாங்களா?”

“நான் சனிக்கிழமைன்னுதான் எழுதுனேன். எண்ணெய்னு நீதான் சொன்ன.”

அந்த வாரம் முழுவதும் நான் சாப்பிடவில்லை. பூச வேண்டாம் என்று சொன்னால் விசுவாசம் போய்விட்டது என்பார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையின் தோல் போகும். கர்த்தருக்கு முன்னால் எது குற்றம் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. எஸ்தர் அக்கா பாட்டிலைத் திறந்து ரூபியைக் கூப்பிட்டார். நான் பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம். உபவாச ஜெபத்துக்கு ஒருநாளும் வராத ரிப்போர்ட் அண்ணன் நடந்து வந்து பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டார்.

“அக்கா, பாப்பாக்குப் பூசறத எனக்குப் பூசுங்க. அதுக்குத்தான் லீவு போட்டுனு வந்தேன்.”

இந்த மனுஷன் மனந்திரும்பிவிட்டான் என்று எஸ்தர் அக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அரைப் பாட்டிலை அந்த வழுக்கைத் தலையில் கவிழ்த்துவிட்டார். எண்ணெய் மூக்குக்கண்ணாடி வழியாக இறங்கிச் சட்டைப்பையில் இருந்த நோட்டை நனைத்தது. அவர் துடைக்கவில்லை. மறுநாள் ரயிலில் அவரைச் சுற்றி மூன்று சீட் காலி என்றார் என் வீட்டுக்காரர். எண்ணெய் வழிய ஆறு வெள்ளிக்கிழமை மண்டியிட்டார். ஆறு சனிக்கிழமையும் வந்து, ‘முதல் லெவல்: அமைதி’ என்று எழுதினார்.

அந்தத் தாள்களைப் பெங்களூரில் தோல் டாக்டரிடம் கொடுத்தோம். அவர் கடைசித் தாள்வரை வாசித்தார். முதுகில் மருந்து ஒட்டிச் சோதித்து, எண்ணெயில் கலந்த வாசனைப்பொருள் இவளுக்கு ஆகவில்லை என்றார். எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை, பிறவியிலேயே வறண்ட தோல், வந்து வந்துதான் போகும் என்றார். குளித்ததும் க்ரீம், சொன்ன அளவில் சொன்ன நாள் களிம்பு, பருத்தித் துணி. முட்டைக்கும் பாலுக்கும் தனியாகச் சோதித்துவிட்டு, கொடுக்கலாம், சோதிக்காமல் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள் என்றார். முதல் முட்டையை ரூபி கடித்தபோது நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் தட்டு காலி. இன்னொன்று கேட்டாள்.

எஸ்தர் அக்காவிடம் உண்மையைப் போன மாதம்தான் சொன்னேன். “ஆறு வாரம் அந்த மனுஷன் தலையில ஊத்துனேனே, ஒரு வார்த்த சொல்லலியே” என்று சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். அப்புறம், “எழுதிடு. இன்னொரு புள்ளைக்கி நான் தெரியாம பூசிடப் போறேன்” என்றார். இப்போது ஜெபத்தில் வாசனை இல்லாத தேங்காய் எண்ணெய்தான். அதையும் கேட்டுவிட்டுத்தான் பூசுகிறார்.

பனிக்காலம் வந்தால் ரூபிக்கு இன்னும் வருகிறது. எனக்குப் பயமும் வருகிறது. இதை யாருக்காவது சொல்வதானால் எழுதியபடியே சொல்லுங்கள். எண்ணெய்தான் எல்லோருக்கும் காரணம் என்று ஆக்கிவிடாதீர்கள், உங்கள் பிள்ளைக்கு வேறு எதுவாகவோ இருக்கும். நான் ஜெபத்தை விட்டுவிட்டேன் என்றும் சேர்க்காதீர்கள். ரிப்போர்ட் அண்ணனின் நிஜப் பெயரை எழுத அவர் சம்மதிக்கவில்லை. பரவாயில்லை, கர்த்தருக்கு அந்தப் பெயரை நான் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.