பிரேக் மாஸ்டரின் கல்லூரிப் பட்டியல்

"இந்தக் காலேஜ் வேண்டாம்" என்றார் பிரேக் மாஸ்டர். "வாசல்லயே செங்குத்தா ஒரு மேடு. மழை பெஞ்சா வண்டி பின்னாடி வழுக்கும்."

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா, நான் அங்க சைக்காலஜி படிக்கப் போறேன். வண்டி ஓட்டப் போகல."

"படிக்கிறதுக்கும் உள்ள போகணும் இல்ல?"

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு உலகமே ரோடுதான். அவருடைய காரில், கற்க வருகிறவர் பக்கம் ஒரு பிரேக், மாஸ்டர் பக்கம் ஒரு பிரேக். வருஷா வருஷம் தேய்வது அவர் பக்கத்து மிதியின் ரப்பர்தான். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, யாராவது படி இறங்கினால் அவர் கால் தரையை அழுத்தும். பெயர் வந்தது அப்படித்தான். அவர் மகளைத் தவிர ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி கற்றிருந்தார்கள். மகளுக்கு மட்டும் "அடுத்த வருஷம் பாக்கலாம்."

மகளின் பட்டியலில் ஒன்பது கல்லூரிகள். கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று மூன்று, மதிப்பெண்ணுக்குப் பொருத்தமாக மூன்று, கண்டிப்பாகக் கிடைக்கும் என்று மூன்று. முதலாவது இருந்ததோ ரயிலில் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில். கைக்குழந்தைகள் முகம் பார்த்துப் பழகுவதை ஆராய அங்கே தனிக் கூடமே இருந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது மகளுக்குக் கண் விரிந்தது. மாஸ்டருக்குக் கால் அழுந்தியது.

"சனிக்கிழமைக்குள்ள அனுப்பியாகணும்பா."

"பட்டியலை என்கிட்ட விடு. நேர்ல பாத்து நானே முடிவு பண்றேன்."

மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். பயிற்சிப் பள்ளிக்கு வரும் போனை எடுத்து, யார் எப்போது வரவேண்டும் என்று நேரம் குறிப்பது அவள் வேலை. போனை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "கிளாஸ் நேரத்தைக் கொஞ்சம் மாத்துறேன். நாளைக்குக் காலைல பல் டாக்டர்" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வந்துவிட்டாளே என்று மாஸ்டருக்கு ஒரே பெருமை.

மறுநாள் எல் போர்டு மாட்டிய காரில், பல் டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்க, கல்லூரி ஆய்வு தொடங்கியது. வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்துக்குள் இருந்தால்தான் பட்டியலில் இடம். அகலமான வாசல், நல்ல நிழல், திருப்ப வசதி. மூன்றாவது கல்லூரி மாஸ்டருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

"என்ன வாசல் டாக்டர்! ரெண்டு லாரி ஒண்ணாப் போகலாம்."

"சைக்காலஜி இருக்கா மாஸ்டர்?"

மாஸ்டர் காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "சார், இது கால்நடை மருத்துவக் கல்லூரி. லாரியில மாடு வரும், அதான் வாசல் பெருசு."

டாக்டர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான், வீட்டுக்குப் பக்கத்துல எதுன்னு பாத்துப் போட்டார். பக்கத்துல இருந்தது பல் காலேஜ். எனக்குப் பறவைகளைப் பத்திப் படிக்கணும்னு உசுரு மாஸ்டர். இத்தனை வருஷமா மத்தவங்க கடைவாயைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அதோ பாருங்க, மரங்கொத்தி!"

டாக்டர் மரங்கொத்தியைப் பார்த்தார். கார் மரத்தைப் பார்த்துப் போனது. மாஸ்டரின் கால் தன் கடமையைச் செய்தது.

அன்றைக்கு மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வருஷம் கழித்து மகளும் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து இப்படிப் பெருமூச்சு விடுவாளோ? பட்டியலை எடுத்தார். பக்கத்தில் இருந்த அத்தனையையும் அடித்தார். நாட்டிலேயே பெரிய கல்லூரிகளாகப் பார்த்து ஒன்பதை எழுதினார்.

"காலைல பக்கத்துத் தெரு, இப்பப் பரதேசமா?" என்றாள் மனைவி.

"என் பொண்ணு என்ன லேசுப்பட்டவளா?"

"நாளைக்குத் தையலம்மாப்பா" என்றாள் மகள், போனை வைத்தபடி.

தையலம்மா தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி பழகுகிறவர். பட்டியலைக் கேட்டுவிட்டு நிதானமாகக் கியர் மாற்றினார். "ஒன்பதும் பெரிய இடம். ஒன்பது பேரும் இல்லைன்னுட்டா?"

"இல்லைன்னா வீட்டுல எங்ககூட இருப்பா" என்றார் மாஸ்டர், கேள்வி முடிவதற்குள்.

சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த குஷி அவர் காதிலேயே விழுந்தது. வெட்கமாகப் போய்விட்டது. பெரிய பெரிய கல்லூரியாக எழுதியது மகள் போவதற்கா, போகாமல் இருப்பதற்கா?

தையலம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "என் பொண்ணு வெளியூருக்குக் கெளம்பினப்ப, அவ பெட்டியோட ஜிப்பை நானே பிச்சு வெச்சேன் மாஸ்டர். தையக்காரி வீட்டுல ஜிப் அறுந்துபோச்சாம், ஊர்ல யாராவது நம்புவாங்களா? அவ ஒரு வார்த்த பேசல. ஊசியையும் நூலையும் எடுத்து என் கையில குடுத்தா. அழுதுக்கிட்டே தெச்சேன். இப்ப லீவுக்கு வரும்போதெல்லாம் அதே பெட்டிதான். ஜிப் இன்னும் கெட்டியா இருக்கு."

சிக்னல் பச்சைக்கு மாறி வெகு நேரமாகியும் எல் போர்டு கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. தையலம்மா காலை எப்போதோ எடுத்துவிட்டார். பிரேக்கில் இருந்தது மாஸ்டரின் கால்தான்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் பட்டியல் அடித்து, எழுதி, அழித்து, தாள் ஓட்டை விழுந்துவிட்டது. பக்கத்துக் கல்லூரி என்றால் பறவை ஞாபகம், பெரிய கல்லூரி என்றால் ஜிப் ஞாபகம். மதியம் வந்தவர் கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் கியரிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறாதவர். வண்டி உறுமிக்கொண்டே ஊர்ந்தது.

"சார், கியர் மாத்துங்க! இன்ஜின் கதறுது!"

"எதுக்கு மாஸ்டர்? இதுலதான் பத்திரமா இருக்கு."

"மேட்டுக்கு ஒரு கியர், நேர் ரோட்டுக்கு ஒரு கியர், வேகத்துக்கு ஒண்ணு. எல்லாம் இருந்தாத்தான் சார் ஊர் போய்ச் சேர முடியும். ஒரே கியரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா..."

மாஸ்டர் பாதியில் நிறுத்தினார்.

"தொங்கினா?" என்றார் வாத்தியார், அப்பாவியாக.

"வண்டியை ஓரம் கட்டுங்க சார்!"

அன்று மாலை கூடத்தில் மனைவியையும் மகளையும் உட்கார வைத்து மாஸ்டர் அறிவித்தார். "எட்டிப் பிடிக்க மூணு. பொருத்தமா மூணு. கைவசம் மூணு. ஆனா அந்தக் கடைசி மூணுலயும் சைக்காலஜி நல்லா இருக்கணும். அங்க போனாலும் நீ சிரிச்ச முகமாப் போகணும். மொத இடம், அந்தக் குழந்தைங்க கூடம் இருக்கே, அது. எப்படி? நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சது!"

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் மின்விசிறியைப் பார்த்தாள். "எப்படிப்பா உங்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் தோணுது?"

கணினியில் ஒன்பதையும் நிரப்பி, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. குனிந்து காலைப் பார்த்தார். மெல்லத் தூக்கிக்கொண்டார்.

"அனுப்பும்மா."

அனுப்பினாள். துக்கமா சந்தோஷமா என்று மாஸ்டருக்கே விளங்கவில்லை. "இடம் கெடச்சா ஸ்டேஷனுக்கு நம்ம கார்லயே போகலாம். நீதான் ஓட்டணும். நாளைக்கே கத்துக்க ஆரம்பி" என்றார்.

மகள் எழுந்து வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, காரில் மறந்த மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு கணக்கு வாத்தியார் உள்ளே வந்தார். கண்ணாடி இல்லாததால், மகளின் பக்கத்தில் நின்ற மாஸ்டர் அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, அப்பா அனுப்ப விட்டுட்டாரா? அப்போ என் பழைய நேரத்தையே குடுத்துடு. மொதல்ல டாக்டர் பயமுறுத்தணும், அப்புறம் தையலம்மா அழ வைக்கணும், கடைசியா நான் கியர் மாத்தாம அடம் பிடிக்கணும்னு நீ போட்ட வரிசையில, என் மத்தியானத் தூக்கம் போச்சு!"