வேர்த்துக் காட்டிய கோழி

ஒரு காட்டில் மொட்டை மாடியோடு ஒரு வீடு இருந்தது. காட்டில் ஏது மொட்டை மாடி என்று கேட்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். கீழ் வீட்டில் அதன் சொந்தக்காரர், ஏகாம்பரம் என்னும் கரடி, ஏசி போட்டுக்கொண்டு படுத்திருப்பார். மாடியில் தவமணி என்னும் காட்டுக்கோழியும் அவள் கணவன் சேவலும் வாடகைக்கு இருந்தார்கள். சேவலுக்கும் ஒரு பெயர் உண்டு. வாடகைப் பத்திரத்தில் அது இல்லாததால் நாமும் விட்டுவிடுவோம்.

சித்திரை பிறந்துவிட்டால் அந்த மாடி வீட்டில் தரையில் கால் வைக்க முடியாது. போன கோடையில் தவமணி இட்ட நான்கு முட்டைகளும் அடையிலேயே அவிந்துபோயின. பாவம், அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் வாய் திறந்து கொக்கரிக்கவில்லை. இந்த முறை ஐந்து முட்டை. இவையாவது பொரிய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

பழைய வீடுகளைக் குறைந்த செலவில் குளிர்விக்க ஏதோ திட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டு அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றாள். மூன்று மணி நேரம் கழித்து, கவுண்டரில் இருந்த ஆமை படிவத்தைத் திருப்பித் தள்ளியது.

"ஓனர் கையெழுத்து இல்லையேம்மா."

ஓனர் கையெழுத்துப் போடவில்லை. "எதுக்கும்மா இந்த வீண் வேலை? வெக்கையா இருந்தா ஃபேனைப் போடுங்க. பத்தலேன்னா இன்னொரு ஃபேன் வாங்கிக்குங்க" என்றார். மாடிக்குத் தனி மீட்டர். யூனிட்டுக்கு அவர் வைத்ததுதான் விலை. அவர் வேறு என்ன சொல்வார்?

"கேட்டாத்தானே இல்லேம்பாரு. கேக்காமலே செஞ்சிடுவோம்" என்றது சேவல். ஏகாம்பரம் அக்கா வீட்டுக்குப் போன இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பை இரண்டு கை பூசினார்கள். மேற்கு ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். உள்ளே அடுப்பு மாதிரி சுட்டுக்கொண்டிருந்த குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு மாட்டினார்கள். மொத்தச் செலவும் ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைகூட ஆகவில்லை. வீடு குளிர்ந்தது. மத்தியானம் ஒரு மணி நேரம் ஃபேன் போட்டால் போதும் என்றாகிவிட்டது. தவமணி முட்டைகளின் மேல் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்துக் கதையாக இருந்தால் இந்த இடத்தில் நீதியைச் சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் மாதக் கடைசி வந்தது. மீட்டரைப் பார்த்த ஏகாம்பரத்துக்கு மயக்கமே வந்துவிட்டது. மாடியில் ஓடிய யூனிட் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

"மேல என்னதான் நடக்குது?" என்று படியேறத் தொடங்கினார்.

செருப்புச் சத்தம் கேட்டதும் தவமணிக்குப் பகீரென்றது. பின்கட்டில் முன்பு ஒரு முயல் குடியிருந்தது. வெயிலுக்குப் பந்தல் போட்டு அவரைக்கொடி ஏற்றியது. நிழல் நன்றாக இருக்கிறதே என்று ஏகாம்பரம் தன் கட்டிலைத் தூக்கி அங்கே போட்டுக்கொண்டார். முயல் இப்போது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"வீடு சில்லுனு இருக்கறது தெரிஞ்சா நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாருங்க. அடைமுட்டையத் தூக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிப்பேன்?"

"அழாத. சாக்கக் கழட்டு, ஜன்னலச் சாத்து" என்றபடி சேவல் இரண்டு அடுப்பையும் பற்றவைத்து, மேலே பெரிய குண்டான்களில் தண்ணீரை ஏற்றியது. தவமணி முட்டைகளை மண்பானைக்குள் வைத்து மூடினாள். கரடி ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியதால் வீடு கொதிக்க நேரம் கிடைத்தது. கடைசியில் இருவரும் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாக்கைத் தள்ளி நின்றார்கள். கோழிக்கு வேர்க்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் வாடகை வீட்டில் இருந்ததில்லை.

ஏகாம்பரம் நேராக மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"மாடியெல்லாம் என்னம்மா ஒரே வெள்ளையா இருக்கு?"

"ஊர்லேருந்து சொந்தக்காரங்க வந்து ஒரு வாரம் மேல தங்கினாங்க சார்" என்றாள் தவமணி. "நாங்க பறவைங்க இல்லீங்களா..."

ஏகாம்பரம் தன் செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குள் கால் வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது.

"அப்பப்பா! இந்த வெக்கையில ஃபேன் போடலையா?"

"கரண்டுக்குக் குடுத்து எங்களுக்குக் கட்டுப்படியாகலீங்க. இப்படியே வேர்த்துக்கிட்டுக் கிடக்கறோம்."

அதைக் கேட்டதும் ஏகாம்பரத்தின் மனம் குளிர்ந்துவிட்டது. "உங்கள மாதிரிப் பொறுமையான குடித்தனம் எனக்குக் கெடைச்சதே இல்ல" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். அடுப்பு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. தவமணிக்குக் கண் பானையை விட்டு நகரவில்லை. போன வருஷத்து முட்டைகள் கண்முன் வந்து நின்றன.

"சார், சூடாச் சுக்குக் காபி போடறேன். கொதிக்கக் கொதிக்கக் குடிச்சிட்டுத்தான் போகணும்."

ஏகாம்பரம் ஏறியபோது பத்து நிமிடம் எடுத்தவர், இறங்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. தவமணி ஓடிப்போய்ப் பானையைத் திறந்து முட்டைகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஐந்தில் நான்கு பொரிந்தன. ஐந்தாவது தானாகப் போனதா, அன்றைய அடுப்புச் சூட்டில் போனதா என்று அவளுக்கு இன்னமும் தெரியாது. இப்போதும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தக் குளிர்ந்த வீட்டில் இரண்டு அடுப்பும் எரிகின்றன. குஞ்சுகள் இரை கொத்தப் பழகுவதற்கு முன்பே நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கப் பழகிவிட்டன. அதில் கடைக்குட்டி ரொம்பக் கெட்டிக்காரி. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே மயங்கி விழுந்துவிடுகிறாள்.

நீதி: வீட்டைக் குளிரவைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு போதும், வீட்டு ஓனர் முன்னால் வேர்த்துக் காட்டத்தான் திறமை வேண்டும்.