மின்னல் சுவாமிகளின் செம்புத் தகடு

பாலக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பு விட இடமில்லை. உள்ளே கல்யாணம் எதுவும் இல்லை. மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு மாலை. நடுவே மின்னல் சுவாமிகள்.

சுவாமிகள் மனிதர்களுக்குக் குறி சொல்வதை விட்டு நாளாகிவிட்டது. பலிக்கவில்லை என்றால் மனிதர்கள் திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள். கம்ப்யூட்டர் போடாது. மெதுவாக ஓடும் கம்ப்யூட்டருக்குத் தோஷம், மந்திரித்த செம்புத் தகட்டைப் பெட்டிமேல் வைத்தால் பழசும் புதுசுபோல் ஓடும் என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், மலைக்கோட்டைக் கடைவீதியில் பில் போடுகிறவர்கள் முதல் ஸ்ரீரங்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் கணிப்பவர் வரை வந்து குவிந்துவிட்டார்கள். ஜாதகம் கணிக்கிற கம்ப்யூட்டருக்கே தோஷம் என்றால் அது கணித்த ஜாதகங்களின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வக் குற்றம்.

மூன்றாவது வரிசையில் பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். திருவெறும்பூரில் வீட்டு முன்னறையில் இருந்தபடி, சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குத் தொட்டி, குழாய், சட்டம் என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிறவள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தை முடிப்பதற்குள் குழம்பு கொதித்து இறங்கிவிடும். பட்டறை முதலாளி பீமராவ் கறாராகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் வேகமான சிஸ்டம் வாங்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அதற்காக அவள் சேர்த்த பணம் இப்போது பக்கத்தில் இருந்த கணவன் அழகிரியின் சட்டைப் பையில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவரில் இருந்தது. தகட்டுக்குத் தட்சிணை. கவர் கைமாறினால் சிஸ்டமும் இல்லை, பிழைப்பும் இல்லை.

அழகிரி லேசுப்பட்ட ஆள் இல்லை. தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடப் பாஸ் பண்ணியதில்லை. மேலதிகாரியே சத்தியம் செய்தாலும், "கேஜ் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்பார். ரிட்டையரான அன்று கேஜை ஸ்டோரில் ஒப்படைத்தபோது மூளையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டாரோ என்று பிரேமலதாவுக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

சுவாமிகள் கையைத் தூக்கினார். "ரெண்டும் ஒரே பெட்டி, ஒரே வயசு. இடது பக்கம் தகடு இல்ல, வலது பக்கம் இருக்கு. ஒரே வேலையைக் குடுக்கறேன், பாருங்க."

இரண்டு திரையிலும் ஒரே கோபுரப் படம் உருவாக ஆரம்பித்தது. வலது பக்கம் கிடுகிடுவென்று கலசம் வரை ஏறிவிட்டது. இடது பக்கம் அடித்தளத்திலேயே மூச்சு வாங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் பெட்டிக்கு முன்னால் விழுந்தே கும்பிட்டார். பெட்டி ஆசீர்வாதம் செய்யவில்லை, அதற்கு அந்த வசதி இல்லை.

"பாத்தியா லதா?" அழகிரியின் கை சட்டைப் பைக்குள் போனது.

பிரேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் இருங்க" என்று எழுந்து நின்றாள். "சாமி, அந்தத் தகட்டை எடுத்துட்டு இன்னொரு தடவ ஓட விடுங்களேன்."

"எடுத்தாலும் அருள் ஒரு மண்டலம் நிக்கும்மா."

"அப்ப எடுக்க வேணாம். தட்டு நிறையத் தகடு வச்சிருக்கீங்களே, புதுசா ஒண்ணை இடது பக்கம் வைங்க."

சுவாமிகள் விபூதித் தட்டைப் பார்த்தார். தட்டு உதவிக்கு வரவில்லை. "இன்னிக்கு நாள் நல்லா இல்லம்மா."

"நாள் நல்லா இல்லன்னா இன்னிக்கு ஏங்க சாமி விக்கறீங்க?"

கூட்டத்தில் சலசலப்பு. விழுந்து கும்பிட்டவருக்கோ இன்னொரு அற்புதம் பார்க்க ஆசை. "வச்சுத்தான் காட்டுங்களேன் சாமி" என்று அவரே கெஞ்சினார். பக்தன் கேட்டால் மறுக்க முடியுமா? தகடு வைக்கப்பட்டது. இடது பக்கக் கோபுரம் பழையபடி அடித்தளத்திலேயே நின்று மூச்சு வாங்கியது. மேலே இன்னொரு தகடு வைத்தார்கள். பாரம்தான் கூடியது.

அழகிரியின் கை வெறுமனே வெளியே வந்தது. சோதனைப் பிரிவுக்காரர் மெல்ல விழித்துக்கொண்டார். "வெளியில ஒரே பெட்டி, சரி. உள்ள?"

"திறக்கவே வேணாங்க" என்று பிரேமலதா மேடை ஏறினாள். ஒவ்வொன்றிலும் ‘திஸ் பிசி’ படத்தின்மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, பிராப்பர்டீஸைத் திறந்தாள். உள்ளே மூளையாக இருப்பது எந்தப் பிராசஸர் என்று அந்தந்தத் திரையே சொன்னது. "பிராசஸர் நம்பர்ல முதல் ரெண்டு இலக்கத்தைப் பாருங்க. இடது பக்கம் பத்து, டென்த் ஜென். வலது பக்கம் பதினாலு. நாலு தலைமுறை புதுசு. தகடே இல்லாட்டியும் இது முந்தத்தான் செய்யும்."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்கள். இவ்வளவு நேரம் ஒருவருக்கும் அந்த ஒரு அழுத்து தோன்றவில்லை. கை கூப்பியிருந்தால் மவுஸை எப்படிப் பிடிப்பது?

சுவாமிகள் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல நின்னா தகடு வேலை செய்யாதும்மா."

"அதை முன்னாடியே சொல்லித்தான சாமி வித்திருக்கணும்? வீட்ல யோசிக்கற ஆள் யாராவது இருந்தா தகடு வாங்காதீங்கன்னு."

தகடு வாங்கியவர்கள் மேடையை நோக்கி எழுந்தார்கள். சுவாமிகள் சமையல்கட்டு வழியாகக் கிளம்பினார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெயருக்கு ஏற்ற வேகம்.

அழகிரி கவரை மனைவியிடம் நீட்டினார். "கடைக்குப் போலாம் வா. இந்தத் தடவ நான் பாத்துட்டுத்தான் பாஸ் பண்ணுவேன்."

வேகமான கம்ப்யூட்டர் வேண்டுமா, கடைக்குப் போங்கள். போவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை, எந்தச் சாமியிடமும் உத்தரவு வாங்க வேண்டியதுமில்லை.